ஈரலுக்காக இளைத்தவள்

பிஸ்கட் தொழிற்சாலையின் இரண்டாவது வரிசையில் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய என்பது வயதைச் சொல்கிறதா உடம்பைச் சொல்கிறதா என்று யாரும் விளக்கியதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டுக்குமே பொருந்தியது, பேசாமல் இருந்துவிட்டாள்.

அவள் நிற்கும் இடம் அடுப்பின் வாய்க்கு எதிரே. கம்பிவலைப் பட்டையில் பிஸ்கட்டுகள் வரிசை கட்டி ஊர்ந்து வரும். உடைந்தது, கருகியது, ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தது என்று எல்லாவற்றையும் கையால் பொறுக்கிக் காலடியில் இருக்கும் நீலத் தொட்டியில் போட வேண்டும். உடைந்ததை எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்பது அங்கே எழுதாத விதி. புதிதாக வருகிற பெண்கள் முதல் வாரம் வாய் ஓயாமல் மெல்லுவார்கள். இரண்டாம் வாரம் வாசனை பட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். பெரியக்காவும் பல வருஷம் தொடாமல்தான் இருந்தாள். கணவர் இறந்த பிறகு மறுபடி தின்ன ஆரம்பித்தாள்.

அவர் விளம்பரப் பலகை எழுதுகிறவர். ஒரு மத்தியானம் வேலை முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். அசந்து தூங்குகிறார் என்று கண்டக்டர் எழுப்பாமல் விட்டிருக்கிறார். பஸ் கடைசி நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போன பிறகுதான் தோளைத் தொட்டுப் பார்த்தார்களாம்.

பெரியக்கா அழவில்லை. "எப்படித் தாங்கிக்கிறா பாரு, தைரியசாலி" என்றார்கள் சிலர். "கல்நெஞ்சுக்காரி" என்றார்கள் வேறு சிலர். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவள் எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் நிஜம். உள்ளே தேடிப் பார்த்தாள். அடக்கி வைப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலைக் கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, ஆள் முழுசாகவே அப்படி ஆகிப்போயிருந்தாள். வேலைக்குத் திரும்பினாள். கை பொறுக்கியது. பொறுக்கியதில் பாதி தொட்டிக்குப் போனது, பாதி வாய்க்குப் போனது. பசி என்றும் இல்லை, ஆசை என்றும் இல்லை. மூன்று வருஷத்தில் தொழிற்சாலைக் கோட்டுக்குப் பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் தம்பிக்கு ஈரல் கெட்டுப்போன செய்தி வந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவளுக்கு அடுத்துப் பல வருஷம் தள்ளிப் பிறந்தவன், ஒரே உடன்பிறப்பு. ஒல்லி, துறுதுறுப்பு, வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரிக்க வைக்கிறவன். முதலில் கண் மஞ்சளானது, பிறகு வயிறு வீங்கியது, பிறகு கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. குடித்தே கெடுத்துக்கொண்டான் என்று அக்கம்பக்கம் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது. அவன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. உடம்பே தன் ஈரலை எதிரி என்று நினைத்து அடிக்கிற ஒரு வகை நோயாம். "என் வீட்டு நாயே என்னையக் கடிக்குது, நான் எங்க போய் சொல்ல?" என்றான் அவன்.

ஈரல் மாற்ற வேண்டும். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்காகப் பதிவு செய்து வைத்தார்கள். ஆனால் அந்த வரிசை எப்போது நகரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்றார் ஈரல் டாக்டர். உயிரோடு இருக்கிறவர் யாராவது பாதியை வெட்டிக் கொடுத்தாலும் போதும், மீதி வளர்ந்துவிடும். மனைவியின் ரத்தம் சேரவில்லை. பெரியக்காவின் ரத்தம் சேர்ந்தது.

"உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "யோசிச்சுச் சொல்லுங்க. யாரும் உங்கள வற்புறுத்தக் கூடாது."

"சரி" என்றாள் பெரியக்கா.

"யோசிக்கணும்னா டைம் எடுத்துக்கலாம்."

"யோசிச்சுட்டேன்."

அவள் யோசிக்கவில்லை. கேட்டார்கள், தலையாட்டினாள். தம்பி பொண்டாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "அண்ணி, நீங்க எங்களுக்குத் தெய்வம்." பெரியக்கா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். தட்டுகிற கையைப் பார்த்தாள். ஏதோ கடமைக்குத் துணி தூசி தட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கே.

ஆனால் ஸ்கேனில் விஷயம் வேறாக வந்தது. பெரியக்காவின் ஈரலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அப்படிப்பட்ட ஈரலை வெட்டினால் கொடுத்தவளுக்கும் ஆபத்து, வாங்கினவனுக்கும் ஆபத்து. எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், மறுபடி பார்ப்போம் என்று அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். காலையில் வெந்நீர், மத்தியானம் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய், சாயங்காலம் மறுபடி வெந்நீர். மற்றவர்களுக்குப் பட்டினி கிடப்பது பெரும்பாடு. அவளுக்கு அது சிரமமாகவே இல்லை. தின்றபோதும் ஒன்றும் தெரியவில்லை, தின்னாதபோதும் ஒன்றும் தெரியவில்லை. எடை மளமளவென்று இறங்கியது. வரிசையில் நின்ற பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். "பெரியக்கா, என்ன மாயம் பண்ணுறீங்க?"

மாயம் சில வாரங்களில் கலைந்தது. பிஸ்கட் தட்டு அடுக்கைத் தூக்கி வண்டியில் வைக்கப் போனவள் முழங்கை நடுங்கித் தட்டுகளைத் தரையில் கொட்டினாள். படி ஏறும்போது தொடை துவண்டது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது உணவு ஆலோசகர் அவளை ஒரு மெஷின் மேல் வெறுங்காலோடு நிற்க வைத்தாள். சின்னப் பெண், மூக்குக் கண்ணாடி மூக்கு நுனியிலேயே நிற்கும். டயட் மேடம் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். காகிதம் வெளியே வந்ததும் டயட் மேடம் முகத்தில் சிரிப்பில்லை.

"எடை நல்லாத்தான் இறங்கியிருக்கு. எது இறங்கியிருக்குன்னு தெரியுமா?"

"கொழுப்பு."

"கொஞ்சம் கொழுப்பு. நிறைய தசை. குளிருக்கு வீட்டுக் கதவையும் ஜன்னலையும் பேத்து எரிச்சிருக்கீங்க. விறகுக் கட்டு கொல்லைல அப்படியேதான் கிடக்கு."

பெரியக்கா காகிதத்தைப் பார்த்தாள். அதில் ஒரு பெண் உருவம் வரைந்து கை, கால், நடு உடம்பு என்று தனித்தனியாகக் குறித்திருந்தது.

"தசை போனா என்ன? அவனுக்கு வேண்டியது ஈரல்தானே?"

டயட் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "அம்மா, வயித்தக் கிழிச்சுப் பாதி ஈரல எடுத்த பிறகு கட்டில விட்டு எந்திரிக்கப் போறது யாரு? நீங்க. எதால எந்திரிப்பீங்க? தசையாலதான். புண் ஆறணும்னாலும் அதுதான் வேணும். பட்டினியில ஓடுற எடை திரும்பி வரும்போது கூட ஆளக் கூட்டிட்டு வரும். மெதுவாத்தான் இறக்கணும். வேளா வேளைக்குச் சாப்பிடணும். ஒவ்வொரு வேளையிலயும் முட்டையோ, கோழியோ, மீனோ, பருப்போ, தயிரோ இருக்கணும். சோத்தப் பாதியாக்குங்க, காயக் கூட்டுங்க. பிஸ்கட்ட மறந்துடுங்க. நல்லாத் தூங்கணும்."

"சரி."

"இன்னொண்ணு. வெயிட் தூக்கணும்."

"தட்டு தூக்குறேன்ல?"

"அது பத்தாது. தூக்குற எடை போகப் போகக் கூடிக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் உடம்பு, 'சரி, இந்தத் தசை வேணும்போல, இத எரிக்கக் கூடாது'ன்னு புரிஞ்சுக்கும்."

உரலுக்குள் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா? பெரியக்கா ஜிம் தேடிப் போனாள்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது, டயர் கடைக்கு மேல் மாடியில். படியெல்லாம் ரப்பர் நாற்றம். உள்ளே பனியன் போட்ட பையன்கள் கண்ணாடி முன் நின்று தங்கள் கையைத் தாங்களே காதலித்துக்கொண்டிருந்தார்கள். நடத்துகிறவள் ஒரு பெண், முன்னாள் பளுதூக்கும் வீராங்கனை. ஒரு முழங்காலில் எப்போதும் பட்டை கட்டியிருப்பாள்; வார்த்தையைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் செலவு செய்வாள். கோச் என்று அவளைக் கூப்பிட்டார்கள்.

"எதுக்கு வந்தீங்க?"

"தம்பிக்கு ஈரல் குடுக்கணும். கொழுப்பு போகணும், தசை இருக்கணும்."

இதைக் கேட்டு எல்லோரும் உருகுவார்கள். கோச் உருகவில்லை. ஒரு மரப்பெட்டியைக் காலால் தள்ளிக் கொண்டுவந்தாள். "இதுல உக்காந்து எந்திரிங்க. கைய ஊனாம."

பெரியக்கா உட்கார்ந்தாள். எழ முடியவில்லை. முன்னே சாய்ந்து, பின்னே சாய்ந்து, கடைசியில் கையை ஊன்றித்தான் எழுந்தாள். பையன்களில் ஒருவன் சிரித்தான். கோச் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"நாளைக்கும் இதே பெட்டி" என்றாள்.

பெட்டியிலிருந்து தொடங்கியது. பிறகு இரும்புக் குண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, பிறகு தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து தூக்குவது, தலைக்கு மேல் தள்ளுவது, மார்புக்கு இழுப்பது. வேலையில்லாத சாயங்காலங்களில் நடை. மூச்சு முட்ட ஓடு என்றெல்லாம் கோச் சொல்லவில்லை. "ஓடி ஓடி இருக்கிறதத் தொலைக்க வேணாம். தூக்குங்க, நடங்க, சாப்பிடுங்க, தூங்குங்க" என்றாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

பெரியக்கா நல்ல மாணவியாக இருந்தாள். காரணம் வைராக்கியம் இல்லை. வைராக்கியத்துக்கும் கொஞ்சம் சூடு வேண்டும். சொன்னதைச் செய்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். விடிந்தால் முட்டை வேகவைத்தாள். டப்பாவில் பருப்பும் காயும் கொண்டுபோனாள். பட்டையில் உடைந்த பிஸ்கட் வரும்போது கை தொட்டிக்கு மட்டும் போனது. வரிசைப் பெண்கள், "எப்படிக்கா வாயக் கட்டுறீங்க?" என்று கேட்டார்கள். வாய் கேட்டால்தானே கட்டுவதற்கு?

இப்போது எடை முன்போல ஓடவில்லை. நொண்டிக்கொண்டு இறங்கியது, சில வாரம் நகரவே இல்லை. தம்பி பொண்டாட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் கேட்டாள்: "அண்ணி, இந்த வாரம் எவ்வளவு?"

"அதேதான்."

"அப்படின்னா எப்படி அண்ணி? அவருக்கு நாளுக்கு நாள்..." பாதியில் நிறுத்திவிட்டு, "பழைய மாதிரி கொஞ்சம் பட்டினி இருந்து பாத்தா?" என்றாள்.

பெரியக்கா டயட் மேடத்திடம் கேட்டாள். மேடம் பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் அருகருகே வைத்துக் காட்டினாள். எடை கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஆனால் கொழுப்பு நிறையப் போயிருந்தது, போன தசை திரும்பி வந்திருந்தது. "தராசுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உங்க பாவாடை நாடாவக் கேளுங்க, அது சொல்லும்." உண்மைதான். நாடாவின் முடிச்சு நன்றாக உள்ளே நகர்ந்திருந்தது. கோட்டுப் பொத்தான்கள் கேட்காமலேயே ஓட்டைக்குள் போயின.

தம்பியைப் பார்க்க ஒருநாள் போனாள். அவன் வயிறு மட்டும் பெருத்து, தோள் எலும்பு சட்டைக்கு மேலே கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டு இருந்தான். தொடையெல்லாம் வற்றியிருந்தது. அவளுக்குத் தெம்பு ஏறுவதும் அவன் தேய்வதும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது.

"என்னக்கா இது, கையெல்லாம் பயில்வான் மாதிரி? மாப்பிள்ள பாக்கலாமா?"

"வாய் மட்டும் தேயல உனக்கு."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? எனக்கு நீ குடுக்குறது பயமா இருக்கு. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு உயிரோட இருக்குறது? உனக்குப் பயமா இல்ல?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பயம் இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பது, காலியான வீட்டில் "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டுப் பார்ப்பது போல இருந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"பேச்ச மாத்தாத."

"பயந்தா மட்டும் என்ன செய்யப் போறோம்? முட்டை கொண்டாந்திருக்கேன். வெள்ளக்கருவ மட்டுமாவது தின்னு."

இரண்டாவது ஸ்கேனில் ஈரல் சுத்தமாக இருந்தது. ஈரல் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "புத்தகத்துல போடுற ஈரல் மாதிரி இருக்கு" என்றார். தம்பி பொண்டாட்டி அங்கேயே அவள் காலில் விழப் போனாள். பெரியக்கா அவளை அக்குளில் கை கொடுத்து அப்படியே தூக்கி நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான், ஒரு ஆளைத் தரையிலிருந்து தூக்கினோம் என்பது அவளுக்கு உறைத்தது. நாள் குறித்தார்கள். ஜிம்மில் விஷயத்தைச் சொன்னபோது, முன்பு சிரித்த பையன் அவளுக்கு இரும்புத் தட்டு எடுத்துக் கொடுத்தான். கோச் தலையசைத்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் காலையில் பெரியக்கா பையை எடுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுப்பார்கள், ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பையில் இரண்டு நைட்டி, பல் துலக்கும் சாமான், ஒரு துண்டு. மாடியில் சொன்ன வார்டுக்குப் போனால், முந்தின நாளே சேர்ந்திருந்த தம்பியின் கட்டில் காலியாக இருந்தது. போர்வை பாதி தரையில் கிடந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஓ, போய்விட்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள். எப்படி ஒரு செய்தி வாசிக்கிற குரலில் அந்த நினைப்பு வந்தது என்பது அவளுக்குப் பிறகு ரொம்ப நாள் ஞாபகம் இருந்தது.

தாழ்வாரத்தின் கோடியிலிருந்து தம்பி பொண்டாட்டி ஓடி வந்தாள். முடி அவிழ்ந்து, செருப்பு ஒரு காலில் மட்டும்.

"அண்ணி! கிடைச்சிடுச்சு அண்ணி! வேற ஈரல் கிடைச்சிடுச்சு! விடியக்காலைலயே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க!"

யாரோ விபத்தில் மூளைச்சாவு அடைந்திருக்கிறார். வீட்டார் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரிசையில் தம்பியின் முறை. ரத்தம், அளவு எல்லாம் பொருந்தியது. ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது. இவளுக்குப் போன் பண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"பதட்டத்துல மறந்தே போயிட்டேன் அண்ணி. ஒண்ணுமே ஓடல" என்றாள் தம்பி பொண்டாட்டி. "கடவுள் உங்களையும் காப்பாத்திட்டாரு பாருங்க. உங்க உடம்புல ஒரு கீறல்கூட இல்லாம."

"சரி" என்றாள் பெரியக்கா.

நர்ஸ் ஒருத்தி ரத்தம் எடுக்கிற தட்டோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டுத் திரும்பினாள். பெரியக்கா அவளைக் கூப்பிட்டு, "சிஸ்டர், அப்ப நான் சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா சாப்பிடுங்கம்மா."

கீழே கேன்டீனில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு, இரண்டு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும் சாப்பிட்டாள். சந்தோஷமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இருக்க வேண்டும். வருத்தமா? எதற்கு வருத்தம்? கல்யாண வீட்டுக்கு அலங்கரித்துப் போனவளிடம், கல்யாணம் நேற்றே நல்லபடியாக முடிந்தது என்று சொன்ன மாதிரி. அந்த ஈரலைக் கொடுத்துவிட்டுப் போன ஆளுக்கும் அக்கா ஒருத்தி இருப்பாள், அவளும் ஏதோ ஒரு தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருப்பாள் என்று ஒரு எண்ணம் வந்தது. அதுவும் வந்த வழியே போய்விட்டது.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். எல்லோரும் அழுதார்கள். பெரியக்கா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதன் பிறகு அவள் ஜிம் பக்கம் போகவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முட்டை வேகவைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது, வாயில் எதையோ மெல்லுவது தெரிந்தது. எடுத்தது எப்போது, போட்டது எப்போது என்று தெரியவில்லை. பாதி மென்றதைத் துப்பவும் இல்லை. விழுங்கிவிட்டு அடுத்ததைப் பொறுக்கினாள்.

ஜிம்மில் கொடுத்திருந்த இடுப்பு பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஒருநாள் படி ஏறினாள். கோச் பெல்ட்டை வாங்கவில்லை.

"ஏன் வரல?"

"தம்பிக்கு வேற ஈரல் கிடைச்சிடுச்சு. இனிமே தேவையில்ல."

"நல்லது. தம்பி நல்லா இருக்காரா?"

"இருக்கான்."

"உங்க கால் ரெண்டும் தம்பிக்கா குடுத்தீங்க?"

பெரியக்கா பெல்ட்டை மறுபடி நீட்டினாள்.

"இன்னிக்குக் காலுக்குப் பயிற்சி" என்றாள் கோச். கம்பியில் தட்டுகளை ஏற்ற ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் பெரியக்கா பெல்ட்டைக் கட்டிக்கொண்டாள். கம்பி அன்றைக்கு ரொம்பக் கனத்தது. மூன்றாவது தடவை எழும்போது தொடை நடுங்கி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மாடு கத்துகிற மாதிரி. பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது தன் குரல் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரமானது.

தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கண்ணில் மஞ்சள் இல்லை. ஆனால் ஆள் தீக்குச்சியாகியிருந்தான். நோயும் படுக்கையும் சேர்ந்து தசையைத் தின்றுவிட்டிருந்தன. நாற்காலியிலிருந்து எழ ஆள் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவன் செய்தால்தானே? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தான். இட்டதைச் சாப்பிடுவதால் முகமும் வயிறும் மட்டும் உப்பிக்கொண்டு வந்தன.

"அண்ணி, நான் சொன்னா எரிஞ்சு விழுறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்று தம்பி பொண்டாட்டி போன் செய்தாள்.

பெரியக்கா போனாள். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். "உக்காரு. எந்திரி."

"என்னக்கா, ஆபரேஷன் பண்ணின ஆளு நானு."

"டாக்டர் செய்யச் சொல்லியிருக்காரு. வயித்துக்குப் பளு வராம, கால்லதான் எந்திரிக்கப் போற. மூச்சப் பிடிக்காத. நான் பிடிச்சுக்கிறேன்."

அவன் உட்கார்ந்தான். எழப் பார்த்தான், முடியவில்லை. மறுபடி பார்த்தான். முகம் சிவந்தது. "எனக்கு வராது போ! செத்தே போயிருக்கலாம்!" என்று கத்தினான். தம்பி பொண்டாட்டி கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கத்துறதுக்கு மூச்சு இருக்குல்ல? அத எந்திரிக்கும்போது விடு" என்றாள் பெரியக்கா. முழங்கைக்கு அடியில் கை கொடுத்தாள். அவன் எழுந்தான். அவள் கைக்கு வந்த பாரம் ஒரு பிஸ்கட் தட்டு அடுக்கைவிடக் குறைவு.

வாரத்தில் சில சாயங்காலம் போய்க்கொண்டிருந்தாள். அவன் திட்டுவான், இவள் நாற்காலியைப் போடுவாள். முட்டையும் மீனும் தட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். மெல்ல மெல்ல அவள் கை கொடுப்பது குறைந்தது. முழங்கையைத் தாங்கியது, பிறகு தொட்டுக்கொண்டு மட்டும் நின்றது. ஒருநாள் அவன் தானாக எழுந்து நின்று மூச்சு வாங்கியபடி சொன்னான்: "எனக்காகச் சுத்தம் பண்ணி வச்ச ஈரல் சும்மா கிடக்கே, வீணாப் போச்சேக்கா."

"வீணாப் போகல. நான்தான் வச்சிருக்கேன்."

அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவளையே பார்த்தான்.

"அக்கா, மாமா போனப்போ நீ அழவே இல்லையே. நான் அப்பவே கேக்கணும்னு இருந்தேன். பயந்துட்டுக் கேக்கல."

"வரல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? வலின்னா சொல்லலாம். ஒண்ணுமே இல்லைங்கிறத எப்படிச் சொல்றது?"

"இப்பவும் அப்படியேதானா?"

சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது. "ஆஸ்பத்திரில உன் கட்டில் காலியா இருந்துச்சு" என்றாள். "பாத்துட்டு சும்மா நின்னேன்டா. நீ செத்துட்டேன்னு நெனச்சேன். நெனச்சுட்டும் சும்மாதான் நின்னேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, சொல்லாமலேயே எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான், எழுந்தான். அவள் பக்கத்தில் நின்று, "முழங்கால உள்பக்கம் சாய விடாத" என்றாள்.

அடுத்த வருஷம் அவன் வேலைக்குத் திரும்பினான். சுமை தூக்குகிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் போட்டார்கள். அங்கே நாள் முழுக்கப் பேசலாம் என்பதால் அவனுக்கு ஏகப்பட்ட திருப்தி. மாத்திரைகள் ஆயுசு முழுக்க உண்டு. தம்பி பொண்டாட்டி இப்போதெல்லாம் எந்தச் செய்தியானாலும் முதல் போன் அண்ணிக்குத்தான் போடுகிறாள்; ஒரு தடவை மறந்ததற்கு இப்படி வட்டி கட்டுகிறாள்.

பெரியக்கா அதே அடுப்பின் வாய்க்கு எதிரேதான் நிற்கிறாள். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கோச் அது தோளும் தொடையும் என்கிறாள், அவள் ஆராயப் போவதில்லை. சில நாள் உடைந்ததில் ஒன்றிரண்டு தின்கிறாள். தின்னும்போது தின்கிறோம் என்று தெரிகிறது. செவ்வாய்க்கிழமை முதுகு, வியாழக்கிழமை தோள், சனிக்கிழமை கால். ஞாயிற்றுக்கிழமை ஜிம்மும் கிடையாது, தொழிற்சாலையும் கிடையாது. அன்றைக்கு என்ன செய்வது என்பதுதான் இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை.